மலை ஜீப்பில் டிரைவர் சீட்டையும் சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போடிநாயக்கனூரில் ஜீப், வேன்களுக்கு சீட் வேலை செய்யும் கடை வைத்திருக்கிறேன். பெரியப்பாவிடம் தொழில் பழகி, பிறகு தனியாகக் கடை போட்டவன். மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் பிரேக், டயர், அதிக ஆள், வேகம் என்று காரணம் சொல்கிறார்கள். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். டிரைவர் உட்கார்ந்திருந்த சீட் எந்த நிலையில் இருந்தது என்று மட்டும் யாரும் விசாரித்து நான் படித்ததில்லை. அதை விசாரிக்க வேண்டும், அதற்கு முன்பே சோதிக்கவும் வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடியும் முன்பே போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களில் இருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பிவிடும். எங்கள் ஊர் வண்டிகள் முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை போகும். கம்பத்து வண்டிகள் கம்பம்மெட்டு ஏறி நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கம் போகும். சாயங்காலம் அதே வளைவுகளில் இறக்கம். காய் எடுப்புக் காலத்தில் இது அன்றாடம் நடக்கும் ஓட்டம். இந்த வழித்தடங்களில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் கமாண்டர், மார்ஷல், மேஜர், 540 என்று மஹிந்திராவின் பழைய வண்டிகள்தான். டி.என். 60 நம்பரும் கே.எல். 06, கே.எல். 69 நம்பரும் என் கடை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நம்பர் பிளேட்தான் வேறு, சீட்டில் இருக்கும் கோளாறு எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அந்தக் கோளாறைச் சொல்கிறேன். டிரைவர் ஒருவர், வண்டி வேறொருவர் கைக்கு ஏற்றபடி இருக்கும். முதலாளி உயரமானவராக இருப்பார், அவருக்குப் பொருத்தமாக சீட்டைப் பின்னால் தள்ளிப் போல்ட் போட்டிருப்பார்கள். ஓட்ட வருகிற பையன் ஐந்தேகால் அடி இருப்பான். அவனுக்குக் கால் எட்டாது. சீட்டின் முனைக்கு வந்து உட்காருவான். முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே தலையணையோ, மடித்த சாக்கோ, சீட்டில் கிடக்கும் பழைய போர்வையோ செருகிக்கொள்வான்.

அப்படி ஒரு தம்பி கிழிந்த ரெக்சினை மாற்ற வந்தான். முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சுத் தலையணை, அதன் மேல் துண்டு சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. "இது எதுக்குப்பா?" என்றேன். "கால் எட்டலண்ணே. தலகாணி வச்சா சரியாப் போகுது" என்றான். வண்டியை நிறுத்தியபடியே பிரேக்கை ஏறி மிதிக்கச் சொன்னேன். மிதித்தான். நான் பக்கத்தில் குனிந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிதித்த மாத்திரத்தில் தலையணை நசுங்கி, அவன் இடுப்பு நான்கு விரல்கடை பின்னால் போனது. கால் அந்த அளவுக்குக் குட்டையாகிப் போக, பெடலில் பாதம் நிற்காமல் விரல் நுனி மட்டும் நின்றது. "இன்னும் மிதி" என்றேன். அவனால் முடியவில்லை.

இதன் காரணத்தை எல்லா டிரைவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் பிரேக்குக்கு பூஸ்டர், அதாவது மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் கருவி, கிடையாது, டிரம் பிரேக். நம் காலின் பலம்தான் அப்படியே போய் வண்டியை நிறுத்துகிறது. கால் முன்னால் அழுத்த வேண்டுமானால் முதுகு பின்னால் எதிலாவது ஊன்ற வேண்டும். ஊன்றும் இடம் கெட்டியாக இருந்தால் அழுத்தம் முழுவதும் பெடலுக்குப் போகும். ஊன்றும் இடம் தலையணையாகவோ, ஆடும் சாய்மானமாகவோ இருந்தால் பாதி பலம் அதை நசுக்கவே செலவாகிவிடும். பிரேக் ஷூ புதிதாகப் போட்டிருக்கலாம், ஆயில் மாற்றியிருக்கலாம். மிதிக்கிற ஆளுக்கு முதுகு ஊன்ற இடமில்லை என்றால் அந்தச் செலவெல்லாம் அவசரத்துக்கு உதவாது. இறக்கத்தில் கியரில் பிடித்து இறக்கத் தெரிந்த டிரைவர்தான் நல்ல டிரைவர், ஒப்புக்கொள்கிறேன். அவருக்கும் வளைவில் எதிரே பஸ் திரும்பினால் பிரேக்கை ஏறி மிதிக்கத்தானே வேண்டும்?

ஸ்டீரிங்கும் அப்படித்தான். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியில் கொண்டை ஊசி வளைவு திருப்புவது தோள்பட்டை வேலை. சீட் தள்ளி இருந்தால் டிரைவர் கையை நீட்டி, முதுகைச் சாய்மானத்தில் இருந்து எடுத்துத்தான் திருப்புவார். சீட்டும் வழுக்கி, உடம்பும் ஒரு பக்கம் சரியும்போது, விழாமல் இருக்க அவர் பிடித்துக்கொள்வதும் அதே ஸ்டீரிங்கைத்தான். வண்டியைத் திருப்ப வேண்டிய வளையம் அவரைத் தாங்கிப் பிடிக்கும் கைப்பிடியாகிவிட்டால், திருப்புகிற வேலையை யார் செய்வது?

இந்த வண்டிகளின் சீட் இப்படி இருப்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்தான் இவற்றுக்கெல்லாம் மூத்தது. மஹிந்திரா கம்பெனி 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோர்த்து விற்கத் தொடங்கியது. அந்த வில்லிஸில் டிரைவர் சீட் நகராது. சீட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க் இருந்தது, அதன் மேல் ஒரு மெத்தை, பின்னால் தோள் வரைகூட வராத ஒரு சாய்மானம், அவ்வளவுதான். போர்முனையில் அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்த அமைப்பின் வாசனை பிறகு வந்த வண்டிகளிலும் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே அளவில் உட்கார வைத்து ஓட்டச் சொல்லும் வண்டிகளை நம் ஆட்கள் பிள்ளைகள், பேரன்கள் காலம் வரை ஓட்டுகிறார்கள்.

பிறகு வந்த வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ரெயில், அதாவது சீட் நகர்வதற்கான இரும்புத் தடம், இருக்கிறது, நெம்பைத் தூக்கினால் சீட் முன்னும் பின்னும் ஓடும். ஓட வேண்டும். என் கடைக்கு வருகிற பழைய வண்டிகளில் அது ஓடுவதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இடுக்கி மழையில் நனைந்த செருப்பும் சேறும் நேராக ரெயிலில்தான் வந்து இறங்குகிறது. ஏலக்காய்த் தோல், மண், பீடித் துண்டு, சில்லறைக் காசு, ஒரு தடவை காது கம்மல் திருகாணிகூட எடுத்திருக்கிறேன். துரு பிடித்து ரெயில் இறுகிவிடும். அதைவிட மோசம், ஒரு பக்க ரெயில் பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் பூட்டாது. டிரைவருக்குத் தெரியாது, 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதே என்று ஓட்டிக்கொண்டு போவார். வளைவில் பிரேக் மிதிக்கும்போது சீட் ஒரு பக்கமாகக் கோணும். சில வண்டிகளில் பல் தேய்ந்து போய் பூட்டிய மாதிரியே நின்று, அழுத்தினால் ஒரு பல் தாண்டும். உட்கார்ந்த இடம் திடீரென்று பின்னால் நகர்ந்தால் டிரைவர் என்ன செய்வார்? கையில் இருப்பதை இழுத்துப் பிடிப்பார். கையில் இருப்பது ஸ்டீரிங்.

இதற்குச் சிலர் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம்தான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. ரெயில் ஆடுகிறது என்று போனால், வெல்டிங் வைத்து ரெயிலை ஒரேயடியாக ஒட்டிவிடுகிறார்கள். ஒரு பட்டறையில் அப்படி ஒட்டிய மார்ஷல் ஒன்று போன மழைக்காலத்தில் என்னிடம் வந்தது. ஊர் பேரும் பட்டறை பேரும் வேண்டாம். ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்திலேயே மெல்லிய தகடு வெடித்து, சீட்டை ஆட்டினால் கண்ணுக்குத் தெரியும்படி வாயைத் திறந்து மூடியது. ரெயில் தகடு மெல்லியது, அதைக் கடும் சூட்டில் வாட்டினால் ஒட்டின ஓரம் பலவீனமாகத்தான் போகும். இன்னொன்று, ஒட்டிய பிறகு அந்த வண்டி ஒரே உயரத்து ஆளுக்கு மட்டுமே உரிய வண்டி. காலையில் அப்பா, மத்தியானம் மகன், லீவு நாளில் மச்சான் என்று மாறி மாறி ஓட்டும் வண்டிக்கு இதைச் செய்யலாமா?

ரெயிலுக்குச் செய்ய வேண்டியது எளிய வேலை. நான்கு போல்ட்டையும் கழற்றி சீட்டை வெளியே எடுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் இரண்டு ரெயிலையும் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, லேசாக கிரீஸ் தடவுங்கள். அப்பி வைத்தால் மண்ணைச் சேர்த்துக்கொள்ளும். நெம்பை விட்ட பிறகு சீட்டின் முன்விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும் அசையக் கூடாது. பல் தேய்ந்திருந்தால் ரெயிலை ஜோடியாக மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். சீட் வெளியே இருக்கும் அந்த நேரத்தில் தரையை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். மிதியடிக்குக் கீழே தண்ணீர் தங்கி, போல்ட் இறங்கும் இடத்தில் தகடு செல்லரித்த மாதிரி பொடிந்திருக்கும் வண்டிகள் நிறைய. புதுப் போல்ட்டை அந்தப் பொடிந்த தகட்டில் முறுக்குவதால் பயனில்லை. கெட்டத் தகட்டை அறுத்து நல்லதைப் பொருத்தி, அடிப்பக்கம் அகலமான பட்டைத் தகடு கொடுத்து, அதன் மேல் வாஷர் வைத்து முறுக்க வேண்டும். அப்போதுதான் இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் பரவும். போல்ட் தலையில் 8.8 என்று பலத்தின் தர எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். மளிகைக் கடை ஆணி மாதிரி கிடைப்பதை எடுத்து சீட்டுக்குப் போடக் கூடாது.

ரெயில் இல்லாத, அல்லது ரெயில் ஓடும் தூரம் போதாத வண்டிக்கு என்ன வழி என்பதை ஒரு தங்கச்சியின் வண்டியை வைத்துச் சொல்கிறேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய கமாண்டரைத் தானே ஓட்டத் தொடங்கியவர். தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு சாந்தன்பாறை பக்கம் போய் வருகிறார். ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. கிளட்ச்சை முழுதாக மிதிக்க இடுப்பையே தூக்கிச் சாய்ப்பார். "அண்ணே, ராத்திரி படுத்தா இடது தொடை துடிக்குது. சீட்ட முன்னால தள்ளித் தர முடியுமா?" என்று கேட்டு வந்தார்.

முதலில் அவரை வண்டியில் உட்காரவைத்து, முதுகுக்குக் கெட்டியான பலகையை வைத்து, எந்த இடத்தில் கிளட்ச் அடிவரை போயும் முழங்கால் லேசாக மடிந்தே இருக்கிறது என்று பார்த்தோம். முழங்கால் நேராக நீண்டுவிட்டால் தூரம் அதிகம் என்று அர்த்தம். அடுத்து கையை நீட்டி, தோள் சாய்மானத்தை விடாமல், மணிக்கட்டு ஸ்டீரிங்கின் மேல்விளிம்பில் படுகிறதா என்று பார்த்தோம். இரண்டரை அங்குலம் முன்னால் வர வேண்டியிருந்தது. தரையில் பழைய துளைகளை விட்டுவிட்டு, சீட்டின் காலுக்கும் தரைக்கும் நடுவே நீளமான பட்டை இரும்பு கொடுத்தேன். பட்டை பழைய துளைகளில் இறுகும், சீட் பட்டையின் புதுத் துளைகளில் இறுகும். தேவைப்பட்டால் நாளைக்குப் பின்னாலும் தள்ளிக்கொள்ளலாம்.

சீட் முன்னால் வந்ததும் வேறொரு தொல்லை கிளம்பியது. இரண்டாம் கியரில் போடும்போது கியர்க் கம்பி பின்னால் வந்து மெத்தையின் இடது மூலையில் இடித்தது, நான்காவதிலும் அப்படியே. ஏற்றத்தில் இரண்டாம் கியர் முழுதாக விழாமல் கழன்றுகொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெத்தையின் அந்த மூலையைச் சரித்து அறுத்து, கம்பிக்கு இடம் விட்டுத் தைத்தேன். எல்லா கியரிலும் போட்டுப் பார்த்து, டூ வீல், ஃபோர் வீல் கம்பியையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் ரெக்சினை மூடினேன். சீட்டை நகர்த்தியதும் கண்ணாடியையும் திருப்பி வைக்கச் சொன்னேன். உட்காரும் இடம் மாறினால் பின்னால் தெரிவதும் மாறும். சீட் பெல்ட் தோளில் விழுகிறதா, கழுத்தை அறுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அவர் அடுத்த வாரம் வந்து ரெண்டு வார்த்தை சொன்னார்: "தொடை துடிக்கல."

உயரமானவர்களுக்குத் தொல்லை வேறு மாதிரி. பின்னால் தள்ள இடம் இருக்காது, ஆள் ஏற்றும் பகுதியின் தகடு தடுக்கும். அவர்களுக்கு மெத்தையின் கனத்தைக் குறைத்துத்தான் இடம் எடுக்க முடியும். முழங்கால் ஸ்டீரிங் தண்டில் இடிக்காத உயரம் வரை இறக்கலாம். ஆனால் பானட்டுக்கு முன்னால் தரை தெரிவது குறைந்துவிடும், வளைவில் பள்ளத்துப் பக்க விளிம்பு மறையும். எது வரை இறக்கலாம் என்பதை ரோட்டில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மெத்தையைப் பற்றி ஒன்று. எல்லாரும் என்னிடம் கேட்பது, "நல்லா மெத்துனு போட்டுக் கொடுங்கண்ணே" என்பதுதான். பஞ்சு மெத்து என்றால் முதுகு வலி போகும் என்று நம்புகிறார்கள். அது தவறு. இந்த ஜீப்புகளுக்கு நான்கு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங். கல் ரோட்டில் வண்டி மேலும் கீழும் ஆடும். உட்கார்ந்த மனிதனின் உடம்பை அதிகம் உலுக்குவது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் ஆட்டம் என்று அதிர்வைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மனித உடம்புக்கு அதிர்வை அளப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 2631 என்று ஒரு உலகத் தர அளவும் இருக்கிறது. கொழகொழப்பான பஞ்சு அந்த ஆட்டத்தைக் குறைக்காது. ஆள் கீழே இறங்கி அடித் தகட்டில் முட்டிவிட்டு மேலே எழும்புவார், ஆட்டம் கூடவே செய்யும். பழைய சீட்டுகளில் ரப்பர் பூசிய தேங்காய் நார் வைத்திருந்தது. அது நசுங்கிப் போகும் வரை நன்றாக வேலை செய்தது. இப்போது நான் கீழே கெட்டியான பஞ்சும் மேலே ஒரு விரல் கனத்துக்கு மென்மையான பஞ்சும் வைத்துத் தைக்கிறேன். உள்ளங்கையை ஊன்றி முழு எடையைப் போட்டாலும் அடித் தகடு கைக்குத் தட்டுப்படக் கூடாது, அது போதும். முழங்கால் மடிப்புக்கும் மெத்தையின் முன்முனைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுகிறேன். அந்த முனை தொடையை வெட்டினால்தான் கால் மரத்துப் போகிறது. கால் மரத்துப் போன டிரைவருக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

பஞ்சைக் கனமாக வைத்தால் ஆளும் உயர்கிறார், பெடலும் தள்ளிப் போகிறது. முதுகு வலிக்குப் பஞ்சு கூட்டிக்கொண்டு போன டிரைவர், அடுத்த மாதம் முட்டி வலி என்று வந்து நிற்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாய்மானம் நிமிர்ந்தும் இருக்கக் கூடாது, ஈசி சேர் மாதிரி படுத்தும் இருக்கக் கூடாது. லேசாகப் பின்னால் சாய்ந்து, இடுப்பின் குழிவுக்கு ஒரு தாங்கல் கொடுத்தால் போதும்.

கழித்த கார்களில் இருந்து உயரமான சாய்மானம் உள்ள சீட்டுகளை வாங்கி வந்து ஜீப்பில் மாட்டச் சொல்பவர்களும் உண்டு. சென்னை புதுப்பேட்டையில் தேடி வாங்கி வருகிறார்கள். பழைய ஜீப் சீட்டில் பின்னாலிருந்து இடி விழுந்தால் கழுத்துக்குப் பாதுகாப்பே இல்லை, தலை வரை தாங்கும் சாய்மானம் நல்லதுதான். ஆனால் கார் சீட்டின் கால் வேறு, ஜீப் தரை வேறு. தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும் என்று பார்க்காமல் ஆங்கிளை அறுத்து வெல்டிங் வைத்து ஏற்றினால் டிரைவர் ஸ்டீரிங்குக்கு மேலே தொங்குகிற மாதிரிதான் உட்காருவார். வாங்கும் முன்பு டிரைவரே ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். வண்டிக்கு சீட் கூடுதலாகப் போட்டு ஆள் எண்ணிக்கையைக் கூட்டும் வேலைக்கு மட்டும் யாரும் என்னிடம் வர வேண்டாம். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. டிரைவருக்கு வலப்பக்கம் கதவோரத்தில் ஒரு ஆளை இடுக்கி உட்கார வைக்கும் பழக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். டிரைவர் சீட்டின் பாதியில் உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டு ஓட்டுவதைத் தினமும் பார்க்கிறேன். நான் எவ்வளவு அளந்து தைத்தாலும் அந்த ஒரு ஆள் ஏறியதும் என் வேலை வீண்.

சுற்றுலா ஜீப்புகளையும் விட முடியாது. கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டி கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்துதான் ஏற வேண்டும். சூரிய உதயம் பார்க்க இருட்டோடு கிளம்பி, பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் ஏற்றிக்கொண்டு போவது அந்த டிரைவர்களின் அன்றாடம். வண்டிக்கு அகல டயர், கூடுதல் லைட், கம்பிக் கூண்டு என்று பளபளவென்று செலவு செய்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு நிற்கும். பின்னால் உட்காரும் பயணி ஒரு நாள் ஆடிவிட்டுப் போகிறார், டிரைவர் சீசன் முழுக்க ஆடுகிறார். பழைய ஜீப் வாங்கிப் புதுப்பிக்கும் ஆசையுள்ள இளைஞர்களும் தயவுசெய்து முதல் செலவை சீட்டில் போடுங்கள். ரெயில், போல்ட், பஞ்சு, ரெக்சின், கூலி எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் மாட்டும் அகல டயர் ஒன்றின் விலைக்குள் முடிந்துவிடும்.

இனி அதிகாரிகளுக்கு. வாடகை வண்டிகளுக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். நான் சொல்லும் பழைய ஜீப்புகள் வருடா வருடம் ஆய்வுக்குப் போய் நிற்கும் வண்டிகள். எஃப்.சி.க்கு முன்னால் என் கடையில் கூட்டம் இருக்கும். எல்லாருக்கும் புது ரெக்சின் வேண்டும், கிழிசல் தெரியக் கூடாது, அவ்வளவுதான். "ரெயிலைக் கழற்றிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டால், "அதெல்லாம் பார்க்க மாட்டாங்கண்ணே, கவரை மட்டும் மாத்துங்க" என்பதுதான் பதில். பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயாக்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர்களுக்கு ஒரு நாளில் பார்க்க வேண்டிய வண்டிகள் அதிகம் என்பதும் தெரியும். ஆனால் நான் கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. டிரைவர் சீட்டின் முன்விளிம்பைப் பிடித்து உலுக்குங்கள். நெம்பைத் தூக்கி ஓட்டிப் பாருங்கள், ரெயிலில் வெல்டிங் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். வண்டியைக் கொண்டுவந்த டிரைவரையே உட்கார வைத்து, தலையணை இல்லாமல் கிளட்ச்சையும் பிரேக்கையும் அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். தேனியில் இதைச் செய்தால் இடுக்கியிலும் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரே ரோட்டில்தான் இரண்டு மாநில வண்டிகளும் எதிரெதிரே வருகின்றன.

ஜீப் டிரைவர்கள் சங்கங்களும் முதலாளிகளிடம் இதைப் பேச வேண்டும். ஆள் மாறி ஓட்டும் வண்டிகளில், கிளம்பும் முன் சீட்டைத் தன் காலுக்கு வைத்துக்கொள்ளும் இரண்டு நிமிடத்தை டிரைவருக்குக் கொடுக்க வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டு "கிளம்புப்பா, கங்காணி கத்துவார்" என்று அவசரப்படுத்தும் அக்காமார்களுக்கும் இதைச் சொல்லி வைக்கலாம், அவர்கள் உயிரும் அந்தப் பெடலில்தான் இருக்கிறது. வண்டி ஓடும்போது மட்டும் நெம்பைத் தொடவே கூடாது.

அடுத்த காய் எடுப்பு தொடங்கும் முன்பு, போடி, தேவாரம், கம்பம் ஸ்டாண்டுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் ஒதுக்கினால், நானும் எனக்குத் தெரிந்த மற்ற கடைக்காரர்களும் ஸ்பேனரோடு வந்து ரெயிலையும் போல்ட்டையும் கூலி வாங்காமல் பார்த்துத் தரத் தயாராக இருக்கிறோம். மாற்ற வேண்டிய பொருளுக்கு மட்டும் வண்டிக்காரர் காசு கொடுத்தால் போதும். சங்கத்துப் பொறுப்பாளர்கள் எந்த ஞாயிறு என்று சொன்னால், மற்ற கடைக்காரர்களுக்கு நானே தகவல் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஜீப் சீட் வேலை செய்யும் ஒரு தொழிலாளி,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.